கற்பூரம் அடித்த அதிகாரி

அரசாங்கத் திட்டம் ஒன்றுக்காகக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த அதிகாரி இந்த உலகத்திலேயே உஷாராணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதிகாரி என்பதுகூடக் கொஞ்சம் அதிகப்படி. மலாக்காவில் ஜாசின் பக்கம் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் அவள் ஒருங்கிணைப்பாளர். வருடா வருடம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். ஒருங்கிணைப்பாளர் என்றால் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து வகுப்பை நிரப்புகிறவர் என்று அர்த்தம். பெயர் பெரிசு, நாற்காலி சிறிசு.

அந்த மையம் பல வருடங்களாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. தையல், வயரிங், வெல்டிங். ஆறு மாதம் வகுப்பு, கடைசியில் ஒரு விழா, கையில் ஒரு சான்றிதழ், வயிற்றில் கோழிச் சோறு. அத்தோடு சரி. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பழையபடி கடை துடைக்கவும் லாரியில் மூட்டை ஏற்றவும் போனவர்கள்தான் அதிகம். அந்த விழாக்களில் மைக் பிடித்து நன்றியுரை சொல்லும்போதெல்லாம் உஷாராணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும். ஊரை ஏமாற்றிச் சம்பளம் வாங்குகிறோம் என்று வீட்டில் வந்து புலம்புவாள்.

அப்போதுதான் சீர்திருத்தம் வந்தது. இனிமேல் நாலு சுவருக்குள் பாடம் கிடையாது, தொழிற்சாலையே வகுப்பறை என்றார்கள். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கம்பெனி சொல்லும். மையம் ஆள் கொடுக்கும். பயிற்சிக் காலத்துக்கு மையமே உதவித்தொகை கொடுக்கும். பயிற்சி முடிந்ததும் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! பத்து பெரண்டாம் என்கிற ஊரில், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னி அனுப்புகிற தொழிற்சாலை ஒன்று முதல் ஆளாக முன்வந்தது. கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட நாளில், அதன் பெரிய மேனேஜர் மேடையில் நின்று, உங்கள் மக்களுக்கு எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றார். திறந்திருக்கிற கதவு வழியாக வெளியேயும் அனுப்பலாம் என்பது அன்றைக்கு உஷாராணிக்குத் தோன்றவில்லை. கை வலிக்கத் தட்டினாள்.

மறு வாரமே பெம்பானுக்குப் போனாள். அவள் பிறந்ததும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான். தோட்டத்து ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரிப் பூசைக்கு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் எல்லாரும் வந்துவிடுவார்கள். பூசை முடிந்து பொங்கல் கொடுப்பதற்கு முன்னால் பூசாரியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உஷாராணி எழுந்து நின்று பேசினாள்.

"நாங்க பாக்காத செர்டிபிகேட்டா?" என்றாள் அன்னம்மா. கோயில் காரியம் எதுவானாலும் அவள் வாயைத் திறக்காமல் நடக்காது. "எம்மவ வச்சிருக்கா மூணு. அத வச்சி விசிறிக்கக்கூட முடியல, சட்டம் போட்டாச்சி."

சிரித்தார்கள். உஷாராணியும் சிரித்தாள். "இது அந்த மாதிரி இல்லக்கா. கம்பெனிக்காரனே வந்து வாக்குக் குடுத்திருக்கான். ஒம்போது மாசம் பயிற்சி. முடிஞ்சதும் பெர்மனென் வேல. இ.பி.எஃப். இருக்கு, சொக்சோ இருக்கு, லீவு இருக்கு."

தொழிலாளர் விபத்துக் காப்புறுதியான சொக்சோ என்ற சொல்லைக் கேட்டதும் ஓரத்தில் நின்ற பாக்கியலட்சுமி முன்னால் வந்தாள். பெம்பான் முச்சந்தியில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் விடியற்காலையிலேயே மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்கிறவள். அவள் புருஷன் சேகரன் லாரி ஓட்டியவன். லாரி கவிழ்ந்து இடுப்பு நொறுங்கிய பிறகுதான், லாரி முதலாளி தவுக்கே அவனுக்கு ஒரு நாளும் சொக்சோ கட்டவே இல்லை என்பது தெரியவந்தது. விபத்துக்கு ஈடாக ஒரு காசு வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சொக்சோ என்பது சாமி பெயருக்குச் சமம்.

"அக்கா, நான் மேசைய எடுத்துட்டேன்னா மறுநாளே அந்த எடத்துல வேற ஆள் ஒக்காந்துருவான்," என்றாள் பாக்கியலட்சுமி. "அப்புறம் எனக்குப் போக்கிடம் கெடையாது. நெசமாவே பெர்மனென் குடுப்பாங்களா?"

"கண்டிப்பா குடுப்பாங்க லா."

"அப்படின்னா அடிச்சி சொல்லுங்க."

பூசாரி அப்போதுதான் கற்பூரத் தட்டை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். பாக்கியலட்சுமி தட்டைத் தடுத்து நிறுத்தி, உஷாராணிக்கு முன்னால் நீட்டச் சொன்னாள். தோட்டத்து ஜனங்களுக்குக் காகிதத்தில் போட்ட கையெழுத்து வேறு, கற்பூரத்தில் அடித்த கை வேறு. கையெழுத்தை மீறினால் கேஸ் போடுவார்கள், அவ்வளவுதான். கற்பூரத்தை மீறினால் பெற்ற பிள்ளைக்கு ஆகாது.

உஷாராணி ஒரு கணம் யோசித்திருக்கலாம். கொடுத்த வாக்கு கம்பெனியுடையது, கை தன்னுடையது என்பதை அந்த ஒரு கணத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவள் நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு. மேனேஜர் மேடையில் சொன்னார், அரசாங்கம் பக்கத்தில் நின்றது, இதைவிட என்ன வேண்டும்? எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தாள். "பாக்கியத்துக்குப் பெர்மனென் வேல கெடைக்கும். என் மகன் யுகேந்திரன் மேல சத்தியம்," என்றாள். யாரும் மகனைக் கேட்கவில்லை. அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரியே வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது.

பாக்கியலட்சுமி மேசையை எடுத்தாள். சொன்ன மாதிரியே மறு வாரம் அந்த இடத்தில் ஒருவன் பர்கர் கடை போட்டான். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. விடியற்காலையில் கம்பெனி வேன் வரும். பயிற்சி ஆட்களுக்கான மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவாள். பலகையில் ஆணிகள் அடித்திருக்கும்; நிறம் பார்த்து வயரை அந்த ஆணிகளுக்கு நடுவே ஓட்டி, கட்டி, டேப் சுற்ற வேண்டும். பத்து வருடமாக வடை தட்டிய கைக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. உஷாராணி பார்க்கப் போகும்போதெல்லாம் நீலச் சட்டை போட்ட பெர்மனென் ஆட்களைக் காட்டி, "அடுத்த வருஷம் நானும் நீலந்தான்க்கா," என்பாள்.

கம்பெனியின் மனிதவளப் பிரிவில் சுஃப்யான் என்கிற இளைஞன் இருந்தான். மலாக்கா டவுனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். வியாபாரம் வேண்டாம் என்று படித்துவிட்டு வேலைக்கு வந்தவன். தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று உஷாராணிக்கு நிம்மதி. அவனும் அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் இருந்தான்.

ஒன்பது மாதம் முடிந்தது. விழா நடந்தது, கோழிச் சோறும் போட்டார்கள். மறுநாள் பாக்கியலட்சுமி வேலைக்குப் போனபோது அதே மேசை, அதே பலகை, அதே மஞ்சள் சட்டை. நீங்கள் இப்போது இரண்டாம் நிலைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். அதுவும் ஒன்பது மாதம்.

"கொஞ்சம் பொறு பாக்கியம், மேல படிச்சா மதிப்புத்தானே," என்று உஷாராணி சமாதானம் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் தடித்தது. முதல் கூட்டத்தில் போனவர்களில் ஒருவரைக்கூடக் கம்பெனி எடுக்கவில்லை. பாதிப் பேர் வெறுத்துப்போய் நின்றுவிட்டார்கள். நின்றவர்களின் மேசைகளில் உஷாராணி சேர்த்து அனுப்பிய இரண்டாவது கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால் உறைத்ததை உடனே ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

இரண்டாம் நிலையும் முடிந்தது. மூன்றாம் நிலை என்றார்கள். பாக்கியலட்சுமி அன்றைக்கு வேனில் இருந்து இறங்கி நேராக உஷாராணி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

"இன்னும் என்னாக்கா நான் கத்துக்கணும்? புதுசா வர்றவங்களுக்கு நாந்தான் கத்துக் குடுக்குறேன். சூப்பவைசர் என்கிட்டதான் அனுப்புறான். கத்துக் குடுக்குற எனக்கும் மஞ்சச் சட்ட, கத்துக்கிற புள்ளைக்கும் மஞ்சச் சட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "போன வாரம் வெரல்ல கத்தி பட்டு மூணு தையல். சொக்சோ இருக்கான்னு கேட்டேன். நீங்க ஊழியர் இல்ல, பயிற்சியாளர்னு சொல்றான். அவருக்கு நடந்த அதே கததான் எனக்கும். நீங்க கற்பூரம் அடிச்சீங்க. நான் மேசைய எடுத்தேன்."

உஷாராணிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே பயமும் இருந்தது. அதற்கு முந்தின மாதந்தான் யுகேந்திரன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தான். மழையில் சறுக்கியது என்று அவன் சொன்னான். அவளுக்கு மட்டும் அது மழையாகத் தெரியவில்லை.

மறுநாள் மையத்தின் தலைவர் தம்புசாமியிடம் போனாள். மனிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "உஷா, நம்ம மையந்தான் இந்த வருஷம் முன்மாதிரி. தொண்ணூறு சதவீதம் பேர் தொழில்ல நெலச்சி நிக்கிறாங்க. கோலாலம்பூர்லேர்ந்து பாக்க வர்றாங்க, தெரியுமா?"

"எவன் சார் நெலச்சி நிக்கிறான்? திரும்பத் திரும்பப் பயிற்சியிலதான் ஒக்கார வச்சிருக்காங்க."

"கம்பெனிக்குள்ளதானே ஒக்காந்திருக்காங்க? வீட்லயா ஒக்காந்திருக்காங்க?" என்றார் தம்புசாமி. "பழைய மாதிரி சான்றிதழ் குடுத்து ரோட்ல விட்டமே, அதுக்கு இது மேல் இல்லையா? எடுத்த ஒடனே எல்லாத்தையும் குத்தம் சொல்லாதீங்க."

கோலாலம்பூர்க்காரர்களுக்கு என்ன பசியாறக் கொடுப்பது என்பதுதான் அவருடைய அப்போதைய கவலை. உஷாராணி அங்கிருந்து நேராகப் பத்து பெரண்டாமுக்குக் காரை விட்டாள்.

சுஃப்யான் அவள் முகத்தைப் பார்த்ததும் அலுவலகத்தில் பேச வேண்டாம் என்று எதிர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தேத்தண்ணி வரும்வரை மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தம்பி, சுத்தி வளைக்காத. எப்ப எடுப்பீங்க?"

"ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன்க்கா. எடுக்க மாட்டாங்க." அவன் கடைக்காரனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பெர்மனென் ஆளுன்னா சம்பளம், இ.பி.எஃப்., சொக்சோ, மருந்துச் செலவு, லீவு. பயிற்சி ஆளுக்குக் காசு ஒங்க மையம் குடுக்குது. எங்களுக்கு வேனும் மத்தியானச் சோறுந்தான் செலவு. இந்த ரெண்டு வருஷத்துல நீலச் சட்டையில எத்தன பேரு போயிட்டாங்க தெரியுமா? ஒருத்தர் எடத்துக்குக்கூடப் புதுசா எடுக்கல. எல்லா எடத்துலயும் மஞ்சச் சட்டதான்."

"அப்ப ஒப்பந்தம்னு போட்டது?"

"தகுதி உள்ளவங்கள எடுப்போம்னு போட்டிருக்கு. தகுதி இருக்கா இல்லையான்னு பாக்குறது நாங்கதானேக்கா."

"இதுக்கு நான் எங்க போயி முட்டிக்கிறது? தப்பு யார் மேலடா?"

அவன் கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றினான். "கோவிச்சிக்காதீங்க. நீங்க ரொம்ப நல்லா வேல செய்றீங்க. அதான் பிரச்சன. வேற மாநிலத்துல ஆள் கெடைக்காம திண்டாடுறாங்க. இங்க ஒரு மேச காலியாகும் முன்ன நீங்க வேன்ல ஆள் ஏத்தி அனுப்பிடுறீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் எந்த மொதலாளி லா வேலைக்கு எடுப்பான்?"

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். உஷாராணிக்கு அந்தப் பழமொழியும் பொருந்தவில்லை. அவள் வேலியும் இல்லை, மாடும் இல்லை. தினமும் புல் அறுத்துக் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, பயிர் ஏன் வளரவில்லை என்று வரப்பில் நின்று அழுதவள். காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சுஃப்யான் சொன்னதிலேயே வழியும் இருந்ததே! ஆள் வருவதால்தான் எடுக்கவில்லை என்றால், ஆள் வராவிட்டால் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வராதே என்றாள். செர்காமில் இரண்டு வீட்டுக்கு நேரிலேயே போனாள். பெம்பான் கோயிலில் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, இந்தப் பயிற்சிக்கு யாரும் போகாதீர்கள், கொஞ்ச காலம் பொறுங்கள், உள்ளே இருக்கிறவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று கெஞ்சினாள். ஆள் சேர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் ஆளைத் தடுக்கிறாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான அரசாங்க வேலை அதுதான் என்பேன்.

ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். முகம் மட்டும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அன்னம்மாவின் இளைய மகள் அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். "உள்ள போனவுங்களுக்குக் கதவச் சாத்திக் குடுக்கிறியா உஷா? எம்மவ முறை வர்றப்பதான் ஒனக்கு நியாயம் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் பொங்கல் வாங்காமலே போனாள்.

தம்புசாமியிடமிருந்து அழைப்பு வந்தது. வேன் ஏன் காலியாகப் போகிறது என்று கேட்டார். ஆள் கிடைக்கவில்லை என்றாள். "டிசம்பர்ல ஒங்க கான்ட்ராக்ட் முடியுது, ஞாபகம் இருக்கட்டும்," என்றார். இருக்கிறது சார் என்றாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் அவளுக்குப் பழைய பயத்தைவிட எவ்வளவோ தேவலையாக இருந்தது.

தந்திரம் வேலை செய்தது! ஒரு மாதம் போனதும் சுஃப்யானிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அக்கா, மேசை காலியாகக் கிடக்கு. ஆர்டர் தேங்குது. ஆள் எடுக்கிறதப் பத்தி மேல பேசுறாங்க. பொறுங்க." உஷாராணி அதைப் பாக்கியலட்சுமிக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள்.

"எத்தன பேர எடுப்பாங்கக்கா?"

"எல்லாரையும் எடுத்துத்தான் ஆகணும். வேற ஆள் ஏது அவனுக்கு? நாம மட்டும் ஒத்துமையா இருக்கணும்."

மறுமுனையில் பாக்கியலட்சுமி சரிக்கா என்றாள். உஷாராணி அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுப் போட்டுக்கொண்டு சமைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது வாசலில் கம்பெனி வேன் நின்றது. அம்மன் சன்னதிக்கு முன்னால் கூட்டம். நடுவில் பாக்கியலட்சுமி நின்று பேசிக்கொண்டிருந்தாள். போட்டிருந்தது நீலச் சட்டை.

உஷாராணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லத்தான் வேண்டும். கண் கலங்கி, அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் பாக்கியலட்சுமி என்ன பேசுகிறாள் என்பது காதில் விழுந்தது.

"ஒம்போது மாசம் பயிற்சி. வேன் வாசலுக்கே வரும். நல்லா செஞ்சா பெர்மனென். என்னயப் பாருங்க."

உஷாராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்து இழுத்து, கோயிலுக்குப் பின்னால் கால் கழுவுகிற குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எப்படி எடுத்தாங்க ஒன்ன?"

"சுஃப்யான் கூப்புட்டாரு. உஷா அக்காவால ஆள் வரல, நீ கூட்டியார முடியுமான்னு கேட்டாரு. இருவது பேரு வந்தா பெர்மனென்னு சொன்னாரு. இல்ல, மொதல்ல பெர்மனென் குடு, அப்புறம் ஆளுன்னு சொல்லிட்டேன்." அவள் சட்டையின் நுனியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஒங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்க்கா. வாக்க நம்பி எறங்கக் கூடாதுன்னு."

"மத்தவங்க?"

"என்னய மட்டுந்தான் எடுத்தாங்க. ஆள் சேக்குற வேல. அந்தக் காலத்துல கங்காணின்னு சொன்னாங்களே, அதேதான். இப்ப இங்கிலீஷ்ல ஒரு பேரு போட்டிருக்கான்."

"பாக்கியம், வர்றவங்களுக்கு என்னா நடக்கும்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செய்றியா?"

"நீங்க தெரியாம செஞ்சீங்க. ஏறுனவங்களுக்கு என்னாக்கா வித்தியாசம்?" பாக்கியலட்சுமி ஓர் அடி முன்னால் வந்தாள். "எம்மேச போச்சி. அவரு படுத்த படுக்க. நாளைக்கு வேன் கவுந்து நான் செத்தா எம் புள்ளைங்களுக்கு ஏதாவது வரும். இன்னிக்கித்தான் எனக்கு அந்த நிம்மதி வந்திருக்கு. அத விட்டுடச் சொல்றீங்களா? சொல்லுங்க, விட்டுடுறேன். நீங்க சோறு போடுங்க."

உஷாராணிக்கு இந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, விறுவிறுவென்று கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. கான்ட்ராக்ட் போனால் போகட்டும்.

"யாரும் ஏறாதீங்க," என்றாள். "இது ஏமாத்து வேல. இதுவரைக்கும் அனுப்புன ஆளுங்கள்ல..."

"நில்லு நில்லு," என்று அன்னம்மா எழுந்தாள். மகள் அவள் பக்கத்தில் நல்ல சட்டை போட்டுத் தலை சீவி நின்றுகொண்டிருந்தாள். "நீ பேசுனா பேசிக்கிட்டே இருப்ப. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இந்த எடத்துல நின்னு, பாக்கியத்துக்குப் பெர்மனென் கெடைக்கும்னு நீதானே சத்தியம் பண்ணுன?"

"ஆமா."

"அது பலிச்சிச்சா, இல்லையா? ஆத்தா முன்னால நிக்கிற. பொய் சொல்லாத."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு பாக்கியலட்சுமியும் பார்த்தாள். உஷாராணி பொய் சொல்லியிருக்கலாம். இல்லை, அந்தச் சட்டை இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருபது குடும்பம் தப்பித்திருக்கும். ஆனால் அவளுக்கு அம்மனுக்கு முன்னால் பொய் சொல்லத் தெரியாது. அவளை வைத்து மற்றவர்கள்தான் பொய் சொல்லிக்கொண்டார்கள்.

"பலிச்சிச்சி," என்றாள். "ஆனா..."

அந்த ஆனாவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. "அப்ப எம்மவளுக்கு மட்டும் ஏண்டி குறுக்க நின்ன?" என்று அன்னம்மா அவளைத் தோளில் இடித்துத் தள்ளிவிட்டு மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பாக்கியலட்சுமி தூணை விட்டு வந்து, தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராகப் பெயர் கேட்க ஆரம்பித்தாள்.